கறுப்பாக வரவேண்டிய துண்டுகள்

நீராவிச் சட்டியைத் திறந்தபோது முதலில் உள்ளே எட்டிப் பார்த்தது நான்தான். பார்க்காமலே இருந்திருக்கலாம். கம்பியில் கோத்துத் தொங்கவிட்ட இருபது உலோகத் துண்டுகளும் மூன்று நாள் கொதிநீராவியில் கிடந்துவிட்டு, பாலிஷ் போட்ட சப்பாத்து மாதிரி கறுத்து மினுங்கிக்கொண்டு வரவேண்டும். வந்தவை வெளுத்திருந்தன. சிலவற்றில் திட்டுத் திட்டாக வெள்ளை, சிலவற்றில் சுண்ணாம்பு பூசியது போல் முழுக்க வெள்ளை. ஒன்றைத் தொட்டேன். கையுறையில் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டது.

எழுபதுகளின் முடிவு அது. மலேசியாவின் ஈப்போவுக்கு வெளியே, வெள்ளீயம் தோண்டி முடித்துத் தண்ணீர் தேங்கிவிட்ட குட்டைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஃபேக்டரி. இரும்பு இல்லை, செம்பு இல்லை, சிர்க்கோனியம் என்கிற உலோகத்தின் கலவையில் குழாய் முனைகளும் மூடிகளும் செய்து கப்பலேற்றினார்கள். ஈயம் அலசியபின் மிஞ்சுகிற கறுப்பு மணலை இங்கே அமாங் என்பார்கள். அந்த மணலுக்குள்தான் சிர்க்கோனியம் ஒளிந்திருக்கிறதாம். எங்கள் குட்டை மணல் கப்பலேறிப் போய், எங்கேயோ உருகி உலோகமாகி, கொஞ்சம் வெள்ளீயமும் சேர்க்கப்பட்டு, தடித்த கம்பியாக எங்களிடமே திரும்பி வந்தது. இதைக் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. நம் வீட்டு மாவை வாங்கிப் போய் நமக்கே தோசை விற்கிற கதை.

கொதிநீரிலும் நீராவியிலும் வருஷக்கணக்கில் கிடந்தாலும் அரிக்காது என்பதுதான் அந்த உலோகத்தின் பெருமை. ஆனால் அந்தப் பெருமை சும்மா வருவதில்லை. அதை எவ்வளவு சூடாக்கினோம், எவ்வளவு வேகமாகக் குளிரவைத்தோம், எப்படிக் கழுவினோம் என்பதையெல்லாம் அது மறக்காமல் வைத்திருக்கும். ஏதாவது ஒரு கட்டத்தில் நாம் அசட்டையாக இருந்துவிட்டால், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளி மாதிரி பளபளவென்றுதான் இருக்கும். நீராவிச் சட்டியில் மூன்று நாள் போட்டால் வெளுத்துப் போய் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு சரக்கிலிருந்தும் துண்டுகள் எடுத்துச் சட்டியில் போட்டுப் பார்த்தபிறகே அனுப்புவார்கள்.

அங்கே சூட்டடுப்பு அண்ணனுடையது, ஆசிட்டுத் தொட்டி என்னுடையது. கூடப் பிறந்த அண்ணன் இல்லை. புந்தோங்கில் இருந்து சைக்கிளில் வருவார், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், என்னைத் தங்கச்சி என்பார். அடுப்பில் அந்தக் கம்பித் துண்டுகள் செக்கச்செவேலென்று பழுத்ததும் நீண்ட இடுக்கியால் பிடித்து, நாலே எட்டில் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கவேண்டும். தாமதமே ஆகக்கூடாது. வேகமாகக் குளிர்ந்தால்தான் உலோகத்தின் உள்ளே இருக்கும் அமைப்பு சரியாக வரும். அண்ணன் கதவைத் திறக்கும்போது ஒன்று என்பார், மூன்று சொல்வதற்குள் தண்ணீர் சீறும். அவருடைய வலது முட்டியில் பழைய அடி. மழை நாளில் விந்தி விந்தி நடப்பார். அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் மட்டும் அவர் விந்தி நான் பார்த்ததில்லை.

வெள்ளையைப் பார்த்ததும் மேனேஜர் என்ன செய்தார் தெரியுமா? துண்டுகளைப் பார்த்தார், திரும்பி அண்ணனின் காலைப் பார்த்தார். அவர் சீனர், எங்களோடு மலாயில்தான் பேசுவார். அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "லம்பாட்." தாமதம் என்று அர்த்தம். அவ்வளவுதான், விசாரணை முடிந்துவிட்டது. அண்ணனை அடுப்புப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லி, வாசலில் புல் வெட்ட அனுப்பிவிட்டார்கள்.

இதில் புல் வெட்டுவது பெரிய விஷயம் இல்லை. அண்ணன் சிவப்பு ஐ.சி.காரர், சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர். இந்த மண்ணிலேயே பிறந்தவர்தான். ஆனால் ரப்பர்த் தோட்டத்தில் அவர் பிறந்ததைப் பதிவு செய்த காகிதம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. அதனால் குடியுரிமை கிடைக்கவில்லை. எனக்கு நீல அட்டை, அவருக்குச் சிவப்பு. சிவப்பு அட்டைக்காரர் வேலை செய்ய பர்மிட் வேண்டும், பர்மிட்டைப் புதுப்பிக்க முதலாளியின் கடிதம் வேண்டும். அந்த மாதக் கடைசியில் அவருடைய பர்மிட் முடிகிறது. வெள்ளைக்குக் காரணம் தெரியும்வரை கடிதம் கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கடிதம் இல்லையென்றால் இந்த வேலை மட்டுமல்ல, வேறு எந்த வேலையும் இல்லை. வீட்டில் மனைவி, நாலு பிள்ளைகள்.

வெள்ளையைப் பார்த்து நான் ஏன் பயந்தேன் என்பதைச் சொல்கிறேன். எல்லாத் துண்டுகளிலும் வெள்ளை அடிப்பக்கத்தில்தான் தடிப்பாக இருந்தது. மேலே மெல்லிசு, கீழே போகப் போகக் கெட்டி, அடி ஓரத்தில் சுண்ணாம்புக் கட்டி. கம்பியில் தொங்கும்போது சொட்டு வந்து நிற்கிற இடம் அது. அடுப்பில் துண்டுகள் தொங்குவதில்லை, படுத்துக் கிடக்கும். சட்டிக்கு வருமுன் அவை தொங்குவது என் ஆசிட்டுத் தொட்டியில் மட்டும்தான்.

மேனேஜர் பக்கத்தில் நின்று இதைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

என் வேலை என்னவென்றால், சட்டிக்குப் போகுமுன் துண்டுகளை ஆசிட்டில் முக்கி மேல் தோலை உரிப்பது. இரண்டு அமிலம் கலந்த தொட்டி அது. ஒரு சொட்டு கையில் பட்டால் எலும்புவரை போகும் என்று சேர்ந்த அன்றே பயமுறுத்தி வைத்திருந்தார்கள். முக்கி எடுத்த அடுத்த நொடியில் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு அலசவேண்டும். சேர்ந்த புதிதில் எனக்குச் சொன்னதும் அதுதான், ஒரு வருஷம் நான் செய்ததும் அதுதான்.

பிறகு மேனேஜருக்கு ஆசிட் குறைகிறது என்று கவலை வந்துவிட்டது. தொட்டி வாரா வாரம் இறங்குகிறதாம், கப்பலில் வருகிற சாமானாம், துண்டோடு சேர்த்து ஆசிட்டையும் தண்ணீருக்குள் கொட்டுகிறோமாம். என் காது படவே நாலு தடவை புலம்பினார். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். பன்னிரண்டு வயதிலிருந்து ஆறு வருஷம் பால்மரம் வெட்டியிருக்கிறேன், ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. மரத்தில் கட்டியிருக்கும் மங்கு என்கிற கிண்ணத்திலிருந்து பாலை வாளியில் ஊற்றினால், மங்கைக் கவிழ்த்தே பிடித்துக் கடைசிச் சொட்டு விழும்வரை நிற்கவேண்டும், பிறகு விரலை விட்டு வழிக்கவேண்டும். கங்காணி பின்னாலேயே வந்து மங்குகளைப் பார்ப்பார். ஒட்டியிருந்தால் பேச்சு நாராசமாக இருக்கும். எங்கள் கைகளுக்கு அதைச் சொல்லித்தரவே வேண்டாம். மேனேஜர் நாலாவது தடவை புலம்பியபோது என் கை தானாகவே துண்டுகளை ஆசிட்டுத் தொட்டிக்கு மேலே நிறுத்திப் பிடித்து வடியவிட்டது. கடைசிச் சொட்டு விழுந்தபிறகுதான் தண்ணீருக்குக் கொண்டுபோனேன். புகை முகத்தில் அடிக்காமலிருக்க ஒரு காற்றாடி வேறு மாட்டியிருந்தார்கள். அந்தக் காற்றில் ஆசிட் துண்டின் மேலேயே உலர்ந்திருக்கும். அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

தொட்டி இறங்குவது நின்றது. மேனேஜர் நாலு பேர் முன்னால் என்னைப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி அவருக்குக் காது புளித்துவிட்டது. வெளுத்துப்போன அந்தச் சரக்குதான் நான் வடியவிட்டுக் கழுவிய முதல் சரக்கு.

சட்டி திறந்த அந்தத் திங்கட்கிழமை சாயந்திரம், குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தேன். தேங்காய்ப்பால் கிண்ணத்தைக் குழம்பில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கடைசிச் சொட்டுக்காக. கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தேன். காலையில் மனசுக்குள் மூடி வைத்ததெல்லாம் பொங்கி வந்துவிட்டது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சோற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உன்ன யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப வாய மூடிக்கிட்டு இரு. ஒனக்கு நிச்சயமா தெரியுமா? தெரியாதுல்ல. நீயா போயி தலைய குடுக்காதே."

எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. அப்படிச் சொல்லவேண்டும் என்றுதான் அவரிடம் போனேன். வேலை போய்விட்டால் மறுபடி விடியுமுன் எழுந்து, கொசுக்கடியில் மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்க என்னால் முடியாது. யூனிஃபார்ம் போட்டு பஸ் ஏறிப் போகிற வேலை எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாருக்கும் கிடைத்ததில்லை. நிச்சயமாகத் தெரியாது என்கிற அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் வாசலில் அண்ணனைப் பார்த்தேன். அரிவாளை வைத்துவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தப்பித்துப் போக வழியில்லை, அவர் பார்த்துவிட்டார்.

"நாந்தான் தங்கச்சி," என்றார். "அன்னிக்கி மழ. முட்டி பிடிச்சிக்கிச்சி. எனக்கு என்னமோ மூணு சொல்றதுக்குள்ள போட்ட மாதிரிதான் இருக்கு. ஆனா லேட்டாயிருக்கும். இல்லாட்டி ஏன் வெளுக்குது?"

அவரே ஒப்புக்கொள்கிறார். எனக்கு அந்த நேரத்தில் வந்தது நிம்மதி. அதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வந்தது அதுதான். பிறகு அவர் மேலேயே ஆத்திரம் வந்தது. செய்யாத தப்பைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறாரே, சண்டை போடத் தெரியாதா இந்த மனுசனுக்கு? அவர் சண்டை போட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா என்றால் அதுவும் இல்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மேனேஜர் ஷூ சத்தம் கேட்டால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். யாராவது ஆசிட்டுத் தொட்டியை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்த்தால் நடுவில் போய் நின்றுகொள்வேன். பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் இருப்பவர் எதையோ கேட்பார், நான் வேறெதையோ சொல்வேன். சொல்லிவிடலாமா என்று போகும்போது நினைப்பேன், நாளைக்குச் சொல்லலாம் என்று வரும்போது நினைப்பேன்.

வியாழக்கிழமை லேப் மிஸ் என்னைக் கூப்பிட்டார். ஈப்போ கான்வென்டில் படித்த கிறிஸ்தவத் தமிழ்ப் பெண், என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஃபேக்டரியில் மைக்ராஸ்கோப் வைத்திருந்த ஒரே ஆள். கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். அவர் அதற்குக் கூப்பிடவில்லை. வெளுத்த துண்டு ஒன்றைக் குறுக்கே அறுத்து, கண்ணாடி போல் தேய்த்து வைத்திருந்தார். யாரிடமாவது காட்டவேண்டும் அவருக்கு.

"அக்கா, வந்து பாருங்க. பயப்படாதீங்க, கடிக்காது."

கண்ணை வைத்தேன். முதலில் என் இமைதான் தெரிந்தது. பிறகு சாம்பல் நிறத்தில் ஊசி ஊசியாக ஏதோ தெரிந்தது. நூற்றுக்கணக்கான மெல்லிய ஊசிகள், ஒன்றின் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக, பாய் பின்னியது மாதிரி. மிஸ் ஒரு வட்டைத் திருப்பினார். இருட்டாக இருந்த ஊசிகள் வெளிச்சமாயின, வெளிச்சமாக இருந்தவை இருண்டன.

"இது வேகமா முக்கினதுக்கு அடையாளம்," என்றார் மிஸ். "மெதுவா ஆறியிருந்தா ஊசி இருக்காது, பட்ட பட்டயா தடிச்சி நிக்கும். இதுல இரும்பும் குரோமியமும் துளி கலந்திருக்கு. வேகமா ஆறினா அது பொடிப் பொடியா எல்லா இடத்துலயும் பரவி நிக்கும். லேட்டானா ஓரத்துல போயி கும்பல் கும்பலா சேந்துக்கும். தண்ணி அரிக்க ஆரம்பிச்சா அங்கேருந்துதான் ஆரம்பிக்கும். இதுல கும்பலே இல்லக்கா."

"அப்ப அண்ணன் மேல தப்பு இல்லியா மிஸ்?"

"என் கண்ணுக்கு இல்ல. மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். ஒரு துண்ட வச்சி சொல்லாதேங்கறாரு. இது அந்த ஆளு நல்லா முக்கினதா இருக்கும், மத்தத விட்டிருப்பாருங்கறாரு. எல்லாத்தையும் அறுத்துப் பாக்க நேரமில்லயாம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கேருந்து வந்திச்சின்னு எனக்கும் தெரியல. அடுப்பு இல்லன்னா வேற எது?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். கேள்வி என்னிடம் இல்லை, காற்றில் விட்ட கேள்வி. நான் மறுபடி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டேன். நிச்சயமாகத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள இனி வழியில்லை. நாலு எட்டு தூரத்தை ஒரு நொடிகூடப் பிந்தாமல் அவர் கடந்தது அந்த உலோகத்துக்குள் எழுதி வைத்த மாதிரி கிடந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அப்போதாவது சொன்னேனா? இல்லை.

சனிக்கிழமை அரைநாள் வேலை. அண்ணன் புல் வெட்டி முடித்து, கை கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் பார்க்காத மாதிரி வாசலைத் தாண்டிவிடப் பார்த்தேன்.

"தங்கச்சி, நாளைக்கி மூத்தவ பினாங்குக்குப் போறா," என்றார்.

"எதுக்குண்ணே?"

"எலக்ட்ரானிக் ஃபேக்டரிக்கி. ஆள் எடுக்குற பஸ்ஸு நாளைக்கி நம்ம பக்கம் வருது. நேத்து பள்ளிக்கூடத்துல பேர வெட்டியாச்சி. எனக்கு மாசக் கடைசிக்கு மேல என்ன ஆவும்னு தெரியல. அவளுக்கு நீல அட்ட கெடச்சிருக்கு, அவ போனா வேல குடுப்பான். மத்த மூணும் சின்னதுங்க."

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். ஒரு தடவை அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்து, நான் வேலை செய்வதைக் கண்ணாடி வழியாக நின்று பார்த்தாள். ஆசிட்டுக்குப் பெயர் என்ன, ஏன் அதில் முக்குகிறீர்கள் என்று என்னைத் துளைத்தெடுத்தாள். வருஷக் கடைசியில் ஐந்தாம் படிவப் பரீட்சை, பள்ளிப் படிப்பை முடிக்கிற பரீட்சை. கெட்டிக்காரி. அண்ணன் வாய் ஓயாமல் அவளைப் பற்றித்தான் பேசுவார்.

"பரிச்ச முடிச்சிட்டுப் போலாம்லண்ணே," என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"முடிச்சிட்டுப் போற வரைக்கும் என்னத்த சாப்புட்றது? விடு. அவ ஒண்ணும் சொல்லல. அழுவக்கூட இல்ல."

சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் ஒன்று இருக்கவே முடியாது. அண்ணே, வேண்டாம், அது உங்கள் தப்பு இல்லை, பொண்ணை அனுப்பாதீர்கள். எல்லாமே நாக்கு நுனிவரை வந்தது. வந்து நின்றது. "சரிண்ணே, என் பஸ்ஸு வந்திரும்," என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் எதற்கெடுத்தாலும் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். புந்தோங் அரை மணி நேரப் பயணம். பினாங்கு பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்றுகூடக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போகவில்லை.

திங்கட்கிழமை காலை மேனேஜர் ஒரு தட்டில் புதுத் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். அடுப்புக்குப் புதிதாகப் போட்ட ஆள் சூடாக்கி முக்கியவை. கழுவிச் சட்டியில் போடு, இவை கறுப்பாக வந்தால் விஷயம் முடிந்தது என்றார்.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டி முன்னால் நின்றேன். அப்போதுதான் புரிந்தது, எல்லாம் என் கையில் வந்து நிற்கிறது. இந்தத் துண்டுகளை நான் வடியவிடாமல் சட்டென்று தண்ணீரில் போட்டால் எல்லாம் கறுப்பாக வரும். என் தப்பு யாருக்கும் தெரியாமலே சரியாகிவிடும். ஆனால் புது ஆளின் கை நல்ல கை, பழைய ஆளின் கால் கெட்ட கால் என்று முடிவாகிவிடும். நானே என் கையால் அண்ணனுக்குக் கதவைச் சாத்தின மாதிரி. பழையபடி வடியவிட்டால் இவையும் வெளுக்கும், புது ஆளையும் புல் வெட்ட அனுப்புவார்கள்.

லேப்புக்குப் போனேன். ஒவ்வொரு சூட்டிலிருந்தும் மிஸ் நாலைந்து துண்டுகளை அலமாரியில் எடுத்து வைப்பது வழக்கம்.

"மிஸ், அந்த வெளுத்த சரக்குல அண்ணன் முக்கினது, கழுவாதது இருக்கா?"

"நாலு இருக்கு. ஏன்?"

"இதோட சேத்துப் போட்டுப் பாக்கணும்."

மிஸ் அலமாரியைத் திறந்து நாலையும் எடுத்துக் கொடுத்தார். இப்போது இன்னொரு சுலபமான வழியும் தெரிந்தது. இந்த நாலையும் வேகமாக அலசிப் போட்டால் இவையும் கறுப்பாக வரும், அண்ணனும் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன். இல்லை, தப்பிக்கமாட்டார். இந்த நாலை ஒழுங்காக முக்கினான், மற்றதில் கால் பிடித்துக்கொண்டது என்பார் மேனேஜர். அவரை விடுங்கள், அண்ணனே அப்படித்தான் சொல்லுவார்.

அண்ணனின் நாலில் இரண்டைச் சட்டென்று அலசினேன். இரண்டைக் கடைசிச் சொட்டு வரை, காற்றாடிக்கு நேராக, வடியவிட்டேன். புது ஆளின் துண்டுகளிலும் பாதி அப்படி, பாதி இப்படி. வடியவிட்டதற்கெல்லாம் கம்பியில் ஒரு முடிச்சுப் போட்டேன். ஒரு துண்டு நழுவித் தொட்டியின் அடியில் போய்விட்டது. அதைக் கொக்கியால் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மற்றதைச் சட்டியில் ஏற்றி மூடியை முடுக்கினேன்.

மூன்று நாள். உள்ளே அழுத்தம் ஏறி நிற்கும், நடுவில் திறக்கமுடியாது. திறக்கமுடியாது என்பது ஒரு வகையில் எனக்கு நல்லதாகப் போயிற்று. திறந்து முடிச்சுகளை அவிழ்த்துவிடலாம் என்று செவ்வாயும் புதனும் பல தடவை நினைத்தேன்.

வியாழக்கிழமை மேனேஜரையும் மிஸ்ஸையும் வைத்துக்கொண்டு திறந்தேன். முடிச்சு இல்லாத துண்டுகள் கறுகறுவென்று, முகம் பார்க்கலாம் போல. முடிச்சுப் போட்டவை அத்தனையும் வெள்ளை. அண்ணனுடையதும் வெள்ளை, புது ஆளுடையதும் வெள்ளை, அடி ஓரத்தில் அதே சுண்ணாம்புக் கட்டி. மேனேஜர் மாறி மாறிப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். என்னுடைய மலாய் அவ்வளவு மோசமாக என்றைக்கும் இருந்ததில்லை, திக்கித் திக்கித்தான் வந்தது. வடியவிட்டது நான், முடிச்சு அதற்குத்தான் என்றேன். ஆசிட் உலர்ந்த இடத்தில் அதன் கறை தோலோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எத்தனை அலசினாலும் போகாது, அந்த இடத்தில் நீராவி பட்டதும் தோல் வெள்ளையாகப் பொரிந்துவிடும் என்று மிஸ் எடுத்துக் கொடுத்தார்.

மேனேஜர் தன் கண்டோனீஸ் சீனத்தில் நீளமாக ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. பிறகு அவருக்கும் நினைவு வந்திருக்கவேண்டும், ஆசிட்டை மிச்சம் பிடிக்கச் சொன்னதும் பாராட்டியதும் அவர்தான். சட்டென்று அடங்கிவிட்டார். என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. ஒரு வாரம் பெட்டி கட்டப் போட்டுவிட்டு மறுபடி தொட்டிக்கே அனுப்பினார். பதினொரு நாள் நான் நடுங்கியது அந்த ஒரு வாரப் பெட்டி கட்டுதலுக்குத்தான்.

அன்று மத்தியானமே அண்ணனுக்குக் கடிதம் தயாரானது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டிப் பக்கம் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மிஸ் சொன்னாங்க. நீதான் பரிட்ச பண்ணிப் பாத்தியாம்."

"ஆமாண்ணே. எந்தப்புதான். மன்னிச்சிருங்க."

"எப்ப தெரிஞ்சிச்சி ஒனக்கு?"

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார். எனக்குச் சொல்ல ஒரே ஒரு உண்மைதான் இருந்தது. சட்டி முதல் தடவை திறந்த அன்றே தெரியும். உங்கள் பெண் போவதாகச் சொன்ன சனிக்கிழமை எனக்குத் தெரியும்.

"இன்னிக்கிதாண்ணே," என்றேன். "தெறந்து பாத்தப்பதான்."

"அது போதும்லா," என்றார். "நீ சொல்லாட்டி யாருக்குத் தெரிஞ்சிருக்கப் போவுது." என் தலையில் கையை வைத்துவிட்டு, விந்தி விந்தி அடுப்புப் பக்கம் போனார்.

பெண்ணைத் திருப்பிக் கூட்டிவரப் போனார்கள். பள்ளிக்கூடத்தில், பேர் வெட்டியாகிவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்களாம். அதுவரை அவள் பினாங்கிலேயே இருக்கட்டும் என்று விட்டார்கள். அடுத்த வருஷம் அவளுக்கு அங்கே வேலை பழகிவிட்டது, வீட்டுக்கும் அவள் கை தேவைப்பட்டது. பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணனோ புந்தோங் முழுக்க என்னைப் பற்றிச் சொல்லி வைத்துவிட்டார். கோயிலில் முன்பின் தெரியாத பொம்பளைகள் வந்து என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு கூசும்.

அந்த அடுத்த வருஷத் தீபாவளிக்கு என்னையும் வீட்டுக்காரரையும் வற்புறுத்திச் சாப்பிடக் கூப்பிட்டார். போகாமலிருக்க எத்தனையோ காரணம் தேடினேன், ஒன்றும் நிற்கவில்லை. இலை போட்டார்கள். பரிமாறியது மூத்தவள். பினாங்கிலிருந்து லீவில் வந்திருந்தாள். மெலிந்திருந்தாள். சின்னச் சின்னக் கம்பிகளை நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துக் கண்ணாடி போட்டுவிட்டாள்.

"அத்த, நல்லா சாப்புடுங்க," என்றாள். "அப்பா சொன்னாரு, நீங்க மட்டும் சொல்லலன்னா நாங்க நடுத்தெருவுலதான்னு."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"ஒரு வாரம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானும் பரிச்ச எழுதியிருப்பேன், இல்ல அத்த?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். குறை சொல்கிற பேச்சே அதில் இல்லை.

"ஆமாம்மா," என்றேன்.

அவள் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அவள் அப்பாவும் என் வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழுதையும் சாப்பிட்டேன்.